நான் கோடாங்கி இல்லை என்று சம்பந்தியிடம் சொல்லவும்

பழங்காநத்தம், மதுரை.
வைகாசி மாதம், 1976.

மகா கனம் பொருந்திய மச்சான் நல்லகாமன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் உடன்பிறந்த தங்கை பாண்டியம்மாளின் வீட்டுக்காரன் வெள்ளைத்துரை கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், பாண்டியம்மாள், பிள்ளை அழகம்மாள் மூவரும் உடம்பளவில் சுகம். அவ்விடம் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் மாடு கன்றுகளும் சுகமாக இருக்க மீனாட்சி துணை செய்வாள். உடம்பளவில் என்று நான் எழுதியிருப்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். மனசளவில் நான் கொஞ்ச நாளாக உயிரோடு இல்லை. தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால்கூட உள்ளே ஓடி அரிசி டின்னுக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன்.

விஷயம் இதுதான். நம் அழகம்மாளுக்குத் தாங்கள் உசிலம்பட்டியில் பார்த்து முடித்துக் கொடுத்த சம்பந்தம் நின்றுபோகிற நிலைமையில் இருக்கிறது. சம்பந்தி கருத்தக்கண்ணன் எப்படிப்பட்டவர் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அவருடைய சைக்கிள் கடைக்கு எதிர்த்த வீட்டில்தான் தாங்கள் குடியிருக்கிறீர்கள். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ஒற்றை ஆளாக மகனை வளர்த்து கண்டக்டர் வேலைக்கு அனுப்பிய மனுஷன். கறுப்புச் சட்டை தவிர வேறு சட்டை போட்டு யாரும் பார்த்ததில்லை. சந்தைத் திடலில் மேடை போட்டு, பேய் இருந்தால் என் எதிரே வரட்டும் என்று கூப்பிட்டவர். பேயும் அவருக்குப் பயந்து வரவில்லை. உறுதி பண்ண வந்த அன்றைக்கு நம் வீட்டுப் பாயில் உட்கார்ந்து வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டே அவர் சொன்னதும் தங்களுக்கு ஞாபகம் இருக்கும். நல்ல நேரம் கெட்ட நேரம் எனக்குக் கிடையாது, பேய் பிசாசு கிடையாது, சாமியாடி, கோடாங்கி, மந்திரிக்கிறவன் இருக்கிற வீட்டில் எனக்குச் சம்பந்தமும் கிடையாது என்றார். சும்மா சொல்கிறவர் இல்லை. இதே பையனுக்கு முதலில் பேசிய பெண்ணை, அந்தப் பெண்ணின் சித்தப்பா தாயத்துக் கட்டுகிறவர் என்று தெரிந்ததும், பரிசம் போட்ட பிறகு வேண்டாம் என்று தட்டைத் திருப்பி அனுப்பியவர். அப்பேர்ப்பட்டவர் இருக்கிற உசிலம்பட்டியில் இப்போது, பழங்காநத்தத்தில் வெள்ளைத்துரைக் கோடாங்கி என்று ஒருத்தர் இருக்கிறாராம், உடுக்கையைத் தொடாமலேயே பேய் ஓட்டுகிறாராம் என்று பேச்சாகக் கிடக்கிறது. அந்தக் கோடாங்கி நான்தான். அதாவது நான் இல்லை. எப்படி இல்லை என்பதைத் தாங்கள் தெரிந்துகொண்டு, வேறு யாரும் சம்பந்தி காதில் போடுவதற்கு முன்னால் தாங்களே போய் விவரமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

நான் கோரிப்பாளையத்தில் சிக்கந்தர் பாய் அரவை மில்லில் கல் கொத்துகிறவன், மிஷின் பார்க்கிறவன், அது ஊருக்கே தெரியும். பாயின் மச்சினருக்கு உசிலம்பட்டியில் ஒரு மில் இருக்கிறது. அங்கே கல் தேய்ந்து மாவு கொரகொரவென்று விழுகிறது, பெல்ட்டும் நழுவுகிறது, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா என்று பாய் அனுப்பினார். இது மிளகாயும் மஞ்சளும் அரைக்கிற காலம் என்பது தங்களுக்குத் தெரியும். வருஷத்துக்கு வேண்டியதை இந்த வெயிலில்தான் எல்லா வீட்டிலும் காயவைத்து மில்லுக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கல்லைக் கழற்றிக் கொத்தி மாட்டினேன். மேலே சாமான் கொட்டுகிற தகரத் தொட்டிக்குள் தலையை விட்டு போல்டை முடுக்கிக்கொண்டிருக்கும்போது, கீழே மனுஷன் இருக்கிறான் என்று தெரியாத ஒரு பெண்பிள்ளை பெட்டி நிறைய இடித்த மஞ்சளை என் தலையில் கவிழ்த்துவிட்டாள். அதைத் தட்டிக்கொண்டு வெளியே வந்து மிஷினை ஓட்டிப் பார்த்தால் பெல்ட் தெறித்து, சாக்கில் பிடித்து வைத்திருந்த மிளகாய்ப்பொடி பாதி என் மேல் வந்து விழுந்தது. அதற்கு மேலே அரிசி மாவு. தொட்டியில் குளிக்கலாம் என்றால் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம், மில் தொட்டியில் பல்லி ஓடுகிறது. சரி, வீட்டுக்குப் போய்க் குளித்துக்கொள்ளலாம், மாற்று வேட்டி சட்டைதான் துணிப்பையில் இருக்கிறதே, பஸ்ஸில் ஏறி உட்காருவதற்கு முன்னால் மாற்றிக்கொள்வோம் என்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். மதுரை பஸ் நின்றது. கூட்டம் முண்டியடித்தது. எல்லாரும் செய்கிற மாதிரி நானும் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடித்தேன். பிடித்துவிட்டு முன்வாசலுக்குச் சுற்றி வருவதற்குள் பஸ் புறப்பட்டுப் போய்விட்டது. காசும் துணியும் வைத்திருந்த என் பை ஜன்னலோரத்தில் வசதியாக உட்கார்ந்து மதுரைக்குப் போனது. நான் கையில் காசில்லாமல், மாற்றுத் துணி இல்லாமல் வேப்பமரத்தடியில் நின்றேன்.

நான் நின்ற கோலத்தைத் தாங்கள் ஒரு தரம் நினைத்துப் பார்க்க வேண்டும். முகம் பூராவும் மஞ்சள். நெற்றியில் வேர்வையோடு ஒட்டிய மிளகாய்ப்பொடி குங்குமம் அப்பின மாதிரி. கையிலும் மாரிலும் அரிசி மாவு திருநீற்றுப் பட்டையாக. மிளகாய்க் காந்தலில் கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்து தண்ணீர் ஊற்றுகிறது. கக்கத்தில், விரிசல் விட்ட ஒரு புல்லியை மதுரை லேத்துப் பட்டறையில் கொடுப்பதற்காகச் சிவப்புத் துண்டில் சுற்றி வைத்திருந்தேன். பெல்ட் ஓடுகிற அந்தப் புல்லி இரண்டு பக்கமும் அகன்று நடுவில் இடுப்பு ஒடுங்கி இருக்கும். துணியில் சுற்றினால் உடுக்கையேதான். இதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. தங்கள் வீட்டுக்கு வந்தால் எதிர்த்த கடையில் சம்பந்தி இருப்பார், இந்த அழுக்கோடு அவர் முன்னால் எப்படிப் போவது, பஸ்ஸுக்கு வேறு யாரிடம் கேட்பது என்ற ஒரே யோசனையில் நின்றேன்.

அப்போது இரண்டு பேர் வந்தார்கள். ஒவ்வொருத்தனும் கதவு மாதிரி. மீசை காதைத் தொடுகிறது. ஒருத்தன் இடுப்பில் துணி சுற்றிய அரிவாள். என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். பெரியவன் என் முழங்கையைப் பட்டும் படாமலும் தொட்டு, "வாங்க" என்றான். எங்கே என்று கேட்டேன். பதில் இல்லை. எதற்கு என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்கள். மச்சான், வாய் பேசுகிற ரவுடியைச் சமாளித்துவிடலாம், பேசாதவனை என்ன செய்வது. கூண்டு வண்டியில் ஏற்றினார்கள். வண்டி ஊரைத் தாண்டிக் கரிசல் காட்டில் இறங்கியது. நான் என் பேரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், மில்லைச் சொன்னேன், சிக்கந்தர் பாயைச் சொன்னேன், தங்கள் பேரைக்கூடச் சொன்னேன். சின்னவன் காதைப் பொத்திக்கொண்டான். யாருக்கோ வைத்த குறி நம் மேல் தவறி விழுந்துவிட்டது, எவனையோ வெட்ட வேண்டியவர்கள் ஆள் தெரியாமல் நம்மை வெட்டப் போகிறார்கள் என்று முடிவுகட்டி, எனக்குத் தெரிந்த சாமி பேரையெல்லாம் சொன்னேன். எனக்கு அடுத்து பாண்டியம்மாள் எப்படிப் பிழைப்பாள், அழகம்மாள் கல்யாணத்துக்கு மணவறையில் யார் நிற்பார்கள் என்று நினைத்து அழுதேன். மிளகாய்க்கு வந்த கண்ணீரும் அழுகைக் கண்ணீரும் கலந்து வழிந்தது. அதைப் பார்த்துவிட்டு அந்த இரண்டு தடியன்களும் எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே குலை நடுங்கியது. வெட்டுவதற்கு முன்னால்தானே ஆட்டுக்குக் கும்பிடு போடுவார்கள்.

ஒத்தப்பனைப்பட்டி என்கிற அந்த ஊரில் சோணைமுத்து என்று நிலபுலம் உள்ள ஒரு பெரிய சம்சாரி. அவர் வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். பலகை போட்டிருந்தது. எலுமிச்சம்பழம், வேப்பிலை, சாம்பிராணிச் சட்டி, காலைக் கட்டிப் போட்ட ஒரு சேவல். ஊரே சுற்றி நின்றது. நடுவில் சுவரில் சாய்ந்தபடி ஒரு சின்னப் பெண், சோணைமுத்துவின் மருமகள் ஒச்சம்மாளாம், தலை விரிந்து கிடக்க, எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் எனக்கு உடம்பு பூராவும் விளங்கியது. என்னைக் கோடாங்கி என்று கூட்டி வந்திருக்கிறார்கள். அவர்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதும் விளங்கியது. அந்தப் பக்கத்து வழக்கம் தங்களுக்குத் தெரியாதா. கோடாங்கியை எதற்குக் கூப்பிட்டோம் என்று வீட்டார் வாய் திறந்து சொல்லக் கூடாது, அழைத்து வருகிறவனும் பேச்சுக் கொடுக்கக் கூடாது, கோடாங்கி தானாகக் கண்டு சொல்ல வேண்டும். கண்டு சொன்னால்தான் அவன் கோடாங்கி. சொல்லாவிட்டால் அவனை என்ன செய்வார்கள் என்பதையும் மில்லில் மாவு அரைக்க வருகிறவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். புளியமரத்தில் கட்டி வைத்து விளக்குமாற்றால் வரிசையாக அடிப்பார்கள். அந்த வீட்டு வாசலில் புளியமரம் இருந்தது.

நான் கோடாங்கி இல்லை என்று சொல்லிவிடலாம்தான். எழுந்து நின்று சொல்லவும் செய்தேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. வந்த கோடாங்கி முதலில் மறுப்பதும் அடக்கமாகப் பேசுவதும் நல்ல லட்சணம் என்று ஒரு பாட்டையா கூட்டத்துக்கு விளக்கம் சொன்னார். இன்னொருத்தர் என் துண்டில் சுற்றிய புல்லியை எடுத்துப் பிரிக்கப் போனார். பிரித்தால் உள்ளே இரும்பு, அதோடு என் கதை முடிந்தது. அதைத் தொடாதீங்க என்று உயிர் போகிற மாதிரிக் கத்தினேன். கூட்டம் மொத்தமும் இரண்டு எட்டுப் பின்னால் போய்விட்டது. இந்த ஆளிடம் உடுக்கை பேச வேண்டியதில்லை, ஆளே பேசும் போலிருக்கிறது என்றார் அந்தப் பாட்டையா. தங்களிடம் மறைப்பானேன், எனக்குப் பேய் என்றால் சின்ன வயசிலிருந்தே ஆகாது. சுடுகாட்டு வழியாகப் போகிற பஸ்ஸில்கூட நான் உள்பக்கம்தான் உட்காருவேன். எதிரே உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்க்கவே எனக்குப் பயம்.

சாம்பிராணி போட்டார்கள். புகை என் முகத்துக்கு நேரே வந்தது. புகைச் சூட்டில் வேர்த்து, தலைமயிருக்குள் இருந்த மிளகாய்ப்பொடி பிடரி வழியாக இறங்கி முதுகுக்குள் போயிற்று. மச்சான், மிளகாய் மில்லில் வேலை பார்க்கிறவனுக்கு அது பழக்கம் என்று நினைக்காதீர்கள். வேர்வையோடு சேர்ந்த மிளகாய் யாருக்கும் பழக்கமாகாது. தோள் குலுங்கியது, தலை ஆடியது, பல் கிட்டியது, தும்மல் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. இறங்கிருச்சு, இறங்கிருச்சு என்று பெண்கள் குலவை போட்டார்கள். சோணைமுத்து பெரிய உருவம், அவர் வந்து என் முன்னால் மண்டி போட்டு, "வந்திருக்கிறது யாரு? என்ன வேணும்? எதுனாலும் செய்யுறோம், வாயைத் திறந்து சொல்லு" என்றார்.

என்ன வேணும் என்று என்னைப் பார்த்து ஒருத்தர் கேட்டது அன்றைக்கு அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. "என்னைய வீட்டுக்கு விட்டுருங்கய்யா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். என்னையக் காணோம்னு அங்க தேடிக்கிட்டு இருப்பாக. யாரு பேச்சும் கேக்காம இங்க கொண்டாந்து வச்சிருக்கீக. நான் என்ன தப்பு செஞ்சேன்? ஒரு தரம் போய் மொகத்தைக் காட்டிட்டு வாரேன், விடுங்கய்யா" என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கதறினேன். நான் என்னைப் பற்றித்தான் சொன்னேன். சத்தியமாக என்னைப் பற்றித்தான் சொன்னேன். ஆனால் சுவரில் சாய்ந்திருந்த அந்த ஒச்சம்மாள் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு, "ஆமா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு வீடே அலறியது. அவள் பேசியே எத்தனையோ நாள் ஆயிற்றாம்.

பிறகுதான் சங்கதி வெளியே வந்தது. இவள் தம்பிக்குக் காது குத்தின வீட்டில் முதல் மரியாதையாகத் தலையில் பரிவட்டத் துணி யாருக்குக் கட்டுவது என்று சோணைமுத்துவுக்கும் இவள் தகப்பனுக்கும் வாய்ச் சண்டை வந்து, அதிலிருந்து இந்தப் பிள்ளையைத் தாய் வீட்டுக்கு அனுப்பவே இல்லை. தாய்க்காரி படுக்கையில் விழுந்து சொல்லியனுப்பியும் அனுப்பவில்லை. பிள்ளை பேச்சை நிறுத்தி, சோற்றைக் குறைத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்ததும், பேய் என்று கோடாங்கிக்கு ஆள் விட்டிருக்கிறார்கள். சோணைமுத்து எழுந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைப் பூட்டச் சொன்னார். சாமியே சொல்லியாச்சு, இனி பரிவட்டமாவது ஒண்ணாவது என்றார். அந்தப் பெண் எழுந்து கொண்டையை முடிந்துகொண்டு சேலையை உதறிக் கட்டிக்கொண்டது என் கண் முன்னால்தான். எனக்கு அப்போது ஒரு நிமிஷம் பயம் போய்விட்டது. நம் அழகம்மாளும் இப்படி ஒரு வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் நமக்கு யார் வந்து சொல்வார்கள் என்று நினைத்தேன். நினைத்ததும் பயம் இன்னும் கூடுதலாகத் திரும்பி வந்துவிட்டது.

இந்த லட்சணத்தில் உண்மையான கோடாங்கி வந்து சேர்ந்தார். கம்பம் பக்கத்துக்காரராம், பஸ் தாமதமாம். ஆள் எப்படி இருந்தார் என்று நினைக்கிறீர்கள்? இஸ்திரி போட்ட டெரிலின் சட்டை, கைக்கடிகாரம், தோல் பை, நெற்றியில் ஒரு பொட்டுகூட இல்லை. வாசலில் நின்று, இந்த வீட்டு ஆம்பிளைகள் எல்லாம் எங்கே, வரச் சொல்லுங்கள் என்றார். இந்த வருஷம் ஊர் ஊராகப் பை தூக்கிக்கொண்டு வந்து ஆம்பிளைகளைக் கூப்பிடுகிறவர் யார் என்று தங்களுக்கே தெரியும். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபீசர் வந்துட்டாரு என்று ஒருத்தன் கத்தினான். அவ்வளவுதான். என்னைத் தூக்கி வந்த அந்த இரண்டு கதவும் கொல்லைப்புறச் சுவரேறிக் குதித்தன. பாட்டையா வயசையும் மறந்து வைக்கோல்படப்புக்குள் போய்விட்டார். ஓடாமல் நின்ற ஒரே ஆம்பிளை சோணைமுத்துதான், அவரும் எனக்குப் பேத்தி எல்லாம் எடுத்தாச்சுங்க என்று அந்தக் கோடாங்கியிடம் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் இந்தச் சந்தடியில் புல்லியைத் தூக்கிக்கொண்டு ஒச்சம்மாள் போகிற வண்டியில் தொற்றிக்கொண்டேன். வண்டிக்காரன் என்னைப் பஸ்ஸில் ஏற்றி, டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்து, காலைக் கட்டிய சேவலை மடியில் வைத்துவிட்டுப் போனான். வழி பூராவும் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நின்றுகொண்டே வந்தார்கள், எனக்கு மூன்று பேர் உட்காருகிற இடம்.

இதோடு போயிருந்தால் நான் தங்களுக்கு எழுதியிருக்கவே மாட்டேன். ஒச்சம்மாள் தாய் வீட்டுக்குப் போய்ச் சிரித்துப் பேசிச் சாப்பிடுகிறாளாம், அவள் தாய்க்காரியும் எழுந்து உட்கார்ந்துவிட்டாளாம். சந்தையில் இதே பேச்சு. நான் வண்டியில் அழுதுகொண்டே சொன்ன என் பேர், ஊர் எல்லாவற்றையும் அந்தத் தடியன்கள் காதைப் பொத்திக்கொண்டு ஒழுங்காகக் கேட்டிருக்கிறார்கள். விலாசம் தப்பில்லாமல் ஆட்கள் பழங்காநத்தம் வருகிறார்கள். வந்து வாசலில் உட்காருகிறார்கள். என்ன விஷயம் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், அதுதான் வழக்கமாயிற்றே. என் வாயையே பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். மாடு காணாமல் போனவர் எவர், மகன் காணாமல் போனவர் எவர் என்று எனக்கு எப்படித் தெரியும். மில்லுக்கு ஓடினால் அங்கேயும் கூட்டம். சிக்கந்தர் பாயிடம் போய் முறையிட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "இது பெரிய முசீபத்து, தொந்தரவா இருக்கே வெள்ளைத்துரை. ஆனாலும் வர்றவுக சும்மா வராம ஆளுக்கு ரெண்டு படி அரைச்சுட்டுப் போறாக. கொஞ்ச நாளைக்கு அந்தச் சட்டையத் தொவைக்காத" என்றார்.

வீட்டில் நிலைமை இதைவிட மோசம். தங்கள் தங்கை நம்பிவிட்டாள். இருபது வருஷமாக என் பேச்சில் ஒன்றைக்கூட நம்பாதவள், நான் கோடாங்கி என்பதை மட்டும் நம்புகிறாள். நான் இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னால், உங்களுக்கே தெரியாமல் இறங்கியிருக்கும் என்கிறாள். வெள்ளிக்கிழமை மீன் வாங்குவதில்லை. அந்தச் சேவலை அடித்துக் குழம்பு வைக்கச் சொன்னால் அது சாமிக்கு விட்டது என்று அதற்குக் கம்பு போட்டு வளர்க்கிறாள். அழகம்மாள்தான் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறாள். நேற்று அடுப்படியில் எனக்குச் சோறு போட்டுவிட்டு, "இது அவுக வீட்டுக்குத் தெரிஞ்சா வேணாம்னுருவாகளாப்பா?" என்று மட்டும் கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். ஏற்கெனவே போட்ட சோற்றின் மேலேயே மறுபடியும் சோற்றைப் போட்டாள். நான் பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவிவிட்டேன். முதலில் பேசின பெண்ணுக்கு நடந்த மாதிரி இவளுக்கும் தட்டு திரும்பி வந்தால் இந்தப் பிள்ளை என்ன ஆகும் மச்சான்? பக்கத்து வீட்டுக்காரி வேறு, பிள்ளை வாடிப் போயிருக்கே, நீங்களே ஒரு குறி பார்த்துவிடக் கூடாதா என்று என்னிடம் கேட்கிறாள்.

ஆகவே மச்சான் அவர்கள் இந்தக் கடிதம் கண்டதும் கைவேலையைப் போட்டுவிட்டுச் சம்பந்தியிடம் போக வேண்டும். வெள்ளைத்துரை கோடாங்கி இல்லை, அது மஞ்சள், அது மிளகாய், அது அரிசி மாவு, கக்கத்தில் இருந்தது புல்லி, அவன் ஆடியது காந்தல் தாங்காமல், அழுதது பயத்தால் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். வேண்டுமானால் புல்லியைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றும் சொல்லவும். அவருக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. அப்படிப்பட்டவர் பயந்தவன் கதையை நம்புவாரா என்பதுதான் எனக்குக் கவலை. மற்றபடி அக்காவுக்கு என் கும்பிடு. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். கருப்பசாமியும் மீனாட்சியும் தங்கள் வீட்டுக்கு ஒரு குறையும் வைக்காமல், மழையைக் கொடுத்து, கிணற்றில் தண்ணீரைக் கொடுத்துக் காப்பார்களாக.

இப்படிக்கு,
உறக்கமும் பசியும் மறந்த தங்கள் மாப்பிள்ளை,
அ. வெள்ளைத்துரை,
அரவை மில் தொழிலாளி (இது ஒன்றுதான் என் தொழில்).

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியது எதையும் சம்பந்தியிடம் சொல்ல வேண்டாம். போக வேண்டாம். அந்தப் பக்கமே தலை வைக்க வேண்டாம். கவரை ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை எடுக்க எழுந்தபோது வாசலில் ஒருத்தர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் துண்டு. கறுப்புச் சட்டை இல்லாததால் எனக்கு அடையாளமே தெரியவில்லை. உள்ளே வந்து பாயில் உட்கார்ந்த பிறகுதான் சம்பந்தி கருத்தக்கண்ணன் என்று தெரிந்தது. சம்பந்தத்தை முறித்துக்கொண்டு போகத்தான் நேரில் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வாங்க என்றேன், மகன் சுகமா என்றேன், சாப்பிட்டீர்களா என்றேன், இம்புட்டுத் தூரம் வந்த விஷயம் என்ன என்றேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்கத்தான் எனக்குப் புரிந்தது. அவர் சம்பந்தி வீட்டுக்கு வரவில்லை, கோடாங்கி வீட்டுக்கு வந்திருக்கிறார். அதைவிடப் பெரிய பயம் எனக்கு இதுவரை வந்ததில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல், எனக்கு நானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "பயப்படாதீங்க சம்மந்தி" என்றேன். அந்த மனுஷன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டார். "அதான் சம்மந்தி, அந்தப் பயந்தான். கல்யாணம் உறுதி பண்ணுனதுலருந்து நெஞ்சு படபடன்னு அடிக்குது. பொம்பள இல்லாத வீடு. ஒரு வீட்டுப் பிள்ளையக் கொண்டாந்து கண்ணு கலங்காம வச்சுக்கிருவமான்னு நெனச்சா தூக்கம் வர மாட்டேங்குது. என்னமோ புடிச்சிருக்கு. மேடையில அப்படிப் பேசுனவன் இதைப் போய் எவன்கிட்டச் சொல்லுவேன்? நீங்க எடுத்து விடுங்க" என்றார். அவரைப் பிடித்திருப்பது எது என்று கண்டுபிடிக்க எனக்கு உடுக்கை தேவைப்படவில்லை மச்சான், அது என்னையும் பிடித்துத்தான் இத்தனை நாளாக ஆட்டுகிறது. பக்கத்தில் திருநீறு இல்லை, சட்டைக் கையில் ஒட்டியிருந்த அரிசி மாவை எடுத்து அவர் நெற்றியில் பூசி, கல்யாணம் முடிந்ததும் போய்விடும் என்று சொல்லி அனுப்பினேன். வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், கல்யாணத்துக்கு நல்ல நாளும் நானே பார்த்துச் சொல்ல வேண்டுமாம். அதனால் யார் கேட்டாலும் எங்கள் மாப்பிள்ளை கோடாங்கிதான் என்று தாங்கள் தலையை ஆட்டிவிட வேண்டும். எதற்கும் பயப்படாத மனுஷன் வீட்டுக்குப் பிள்ளையை அனுப்புகிறோமே என்பதுதான் எனக்கு ஆரம்பத்திலிருந்து உள்ளூர இருந்த நடுக்கம், தங்களிடம் சொல்லவில்லை. இனி நான் நிம்மதியாக அனுப்புவேன். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடவும்.